மையும் தக்கையும்

பழம்பொருள்களின்மேல் எழுத்தைக் கண்டதும் அதனை நாம் நம்பிவிடுகின்றோம். கல்லிற் பொறித்ததாயினும், துணியில் மையாற் குத்தியதாயினும் எழுத்துக்கு ஒரு மதிப்புண்டு. அம்மதிப்பின் எல்லை யாது என்பதைப் பழைய கப்பல்களின் உயிர்காப்புக் கச்சைகளைக் கொண்டு ஆராய்வோம்.

தக்கைக் கட்டிகளைப் படங்குத் துணியில் வைத்துத் தைத்து மார்பிற் கட்டும் கச்சையை 1854ஆம் ஆண்டில் வார்ட் என்னும் ஆங்கிலக் கப்பற்றலைவர் அமைத்தார். 1912 ஏப்ரல் 15ஆந் திகதி மூழ்கிய டைட்டானிக் கப்பலில் இத்தகைய கச்சைகள் 3,560 இருந்தன. அவற்றைச் செய்தவர் இலண்டன் பொஸ்பெரி நிறுவனத்தார். ஆயினும் ஏறக்குறைய 1,500 பேர் மாண்டனர். உயிர்காப்புப் படகுகளில் 1,178 பேருக்கே இடமிருந்தது. கச்சை பலரை மிதக்கவைத்தது. உறையும் குளிரினின்று காக்க அதனால் இயலவில்லை.

எஞ்சிய கச்சைகள் மிகச் சில. ஆதலால் அவற்றின் விலை பெரிது, போலிகளும் பல. திரைப்படத்துக்கும் கண்காட்சிக்குமென மாதிரிகள் செய்வதிற் குற்றமில்லை. மாதிரி தன்னை மாதிரியென்று கூறும்வரை அது நேர்மையான பொருளே. பிறர் பெயரை அதன்மேற் குத்தி, பழமையானதென்று விற்கும்போதே அது பொய்யாகின்றது. முத்திரை குத்துதல் மிக எளிது. ஆகவே நெசவு, தையல், தக்கையின் வடிவம், பொருள் கைமாறி வந்த வரலாறு ஆகிய யாவும் முத்திரையுடன் ஒத்துநின்றாலன்றி ஆராய்ச்சியாளர் அதனை ஏற்கார்.

முத்திரை உண்மையானதாயினும் பொருள் பொய்யாகலாமோ? ஆகலாம் என்பதற்கு நியூ யோர்க் நகரிற் சான்றுண்டு. 1904 யூன் 15ஆந் திகதி ஜெனரல் ஸ்லோக்கம் என்னும் நீராவிக் கப்பல் தீப்பற்றி ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. அதற்கு முந்திய மாதத்திலேதான் பரிசோதகர் கப்பலைப் பார்வையிட்டு ஒப்புதல் அளித்திருந்தார். 13 ஆண்டு கிடந்த கச்சைகளோ படங்கு இற்று, தக்கை பொடியாகிப் பயனற்றுப்போயின. அதன்பின் நடந்த விசாரணையில் இதனினுங் கொடிய செய்தி வெளிவந்தது. கச்சை ஒவ்வொன்றிலும் 6 இறாத்தல் நல்ல தக்கை இருத்தல் வேண்டுமென்பது சட்டம். புதிய கச்சைகளுக்கென அனுப்பப்பெற்ற தக்கைக் கட்டிகளினுள் எடையை நிரப்ப இரும்புத் துண்டுகள் செருகப்பட்டிருந்தன! தராசு ஏமாந்தது. கடல் ஏமாறுமா?

எனவே முத்திரை ஆராய்ச்சியின் தொடக்கமேயன்றி முடிவன்று. யார் பொறுப்பு என்பதை அது கூறும். பொறுப்பு நிறைவேறிற்றா என்பதைப் பொருளைப் பிரித்துப் பார்த்தே அறியவேண்டும். வரலாறு கற்கும் நாம் இதனை மனத்திற் கொள்ளல் நன்று. நாளை நம்முட் சிலர் பொறியியலாளராக, மருத்துவராக, அலுவலராகப் பல தாள்களிற் கையொப்பமிடுவோம். முகமறியாத ஒருவர் அக்கையொப்பத்தை நம்பி ஒருநாள் தம் உயிரை ஒப்படைப்பார். உள்ளே இருப்பது தக்கைதானா என்று பார்த்த பின்னரே நாம் பெயரெழுதுவோமாக.