மலை மேல் ஒரு அமெரிக்கா

கொடைக்கானல் என்றதும் நமக்கெல்லாம் ஏரியில் படகு, சூடான பஜ்ஜி, ஹோம்மேட் சாக்லேட்... இவ்வளவுதான் ஞாபகம் வரும். இன்று மூஞ்சிக்கல், நாயுடுபுரம், ஆனந்தகிரி என்று மலைச்சரிவெல்லாம் வீடாகிப் போன இந்த ஊரில், முதலில் குடும்பத்தோடு தங்க வீடு கட்டியது யார் தெரியுமா? ஆங்கிலேய அதிகாரிகள்தானே என்று சொன்னால் அது தப்பு. அமெரிக்கர்கள்!

(வில்பட்டி, பூம்பாறை போன்ற மலைக்கிராமங்கள் அதற்கும் வெகுகாலம் முன்பே இருந்தவை. செண்பகனூர் பக்கம் 1834ல் ஒரு சப் கலெக்டர் பங்களா கட்டியிருந்தார். இங்கே சொல்வது இன்றைய டவுன் இருக்கும் இடத்தைப் பற்றி.)

அமெரிக்க மிஷனரிகள் 1816லேயே யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டார்கள். அங்கிருந்து 1834ல் மதுரைக்கு ஒரு கிளை வந்தது. மதுரை வெயில் நமக்கே தாங்காது. பாஸ்டன் பனியில் வளர்ந்தவர்கள் என்ன ஆவார்கள்? காலரா, காய்ச்சல், வயிற்றுப்போக்கு. பெரியவர்களும் செத்தார்கள், குழந்தைகளும் செத்தார்கள். உடம்பு தேற யாழ்ப்பாணம் வரை போய்ப் பார்த்தார்கள். சிறுமலையில் இடம் பார்த்தார்கள், அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. கடைசியில் 1845ல் கொடைக்கானலில் பம்பாய் சோலை அடிவாரத்தில் இரண்டு வீடுகள் எழும்பின. ஒன்றின் பெயர் சன்னிசைடு, இன்னொன்று ஷெல்டன். அப்போது அங்கே ஏரியும் கிடையாது, லெவிஞ்ச் அதை உருவாக்கியது 1863ல்.

ஆக, கொடைக்கானல் ஆரம்பத்தில் சுற்றுலாத் தலமாக உருவான ஊர் அல்ல. பிள்ளைகளைப் பறிகொடுத்த, பறிகொடுக்கப் பயந்த குடும்பங்கள் உயிர் பிழைக்க ஏறிய மலை.

ஏறுவது என்றால் சும்மாவா? பெரியகுளம் பக்கம் வரை மாட்டு வண்டி. பிறகு செங்குத்தான மலைப்பாதை. ஆண்கள் குதிரையில் போவார்கள், பெண்களையும் குழந்தைகளையும் டோலியில் தூக்குவார்கள். தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் தலைச்சுமைதான். சுமந்தவர்கள் நம் ஊர் கூலிகள், அந்தப் பாதைக்கே 'கூலி காட்' என்றுதான் பெயர் நிலைத்தது. 1875ல் அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்தும் மலையேற்றம் மாறவில்லை. கார் போகும் சாலை வர 1910கள் ஆகிவிட்டன. அதுவரை எழுபது வருடம், அந்த வீடுகளின் கட்டில், பியானோ உட்பட எல்லாமே யாரோ ஒருவரின் தோளில் ஏறித்தான் வந்திருக்க வேண்டும். வீட்டுக்காரர்களின் பெயர் வரலாற்றில் இருக்கிறது, தோள்காரர்களின் பெயர் இல்லை.

சரி, குளிர் கிடைத்தது. உயிரும் தப்பியது. ஆனால் அந்நிய நாட்டில் குடும்பம் நடத்துவதில் இன்னொரு பெரிய சிக்கல் இருந்தது. பிள்ளைகளின் படிப்பு!

அதற்கு ஸ்கடர் குடும்பத்தைப் பார்த்தால் போதும். டாக்டர் ஜான் ஸ்கடர் 1819ல் மனைவியோடும் சிறு மகளோடும் அமெரிக்காவிலிருந்து கப்பலேறினார். இலங்கை வந்து சேரும் முன்பே கல்கத்தாவில் அந்தக் குழந்தை இறந்துவிட்டது. பிறகு பண்டத்தரிப்பில் பிறந்த மகன் ஹென்றியை, பையனாக இருக்கும்போதே படிக்க அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். கப்பல் போய்ச் சேரவே மாதக்கணக்காகும், கடிதமும் அதே கப்பலில்தான். அவர் திரும்பி வந்தது 1844ல், வளர்ந்த ஆளாக, மதுரை மிஷனுக்கு! பிள்ளை வளர்வதைப் பெற்றவர்கள் பார்க்கவே இல்லை.

அடுத்த தலைமுறையிலும் இதே கதைதான். ராணிப்பேட்டையில் 1870ல் பிறந்த பேத்தி ஐடா ஸ்கடரை அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் இந்தியா திரும்பினார்கள். ஊழியத்துக்காக வந்தவர்கள் கொடுத்த விலை என்று இதைப் புகழ்ந்து எழுதுகிறார்கள். இருக்கட்டும், ஆனால் அந்த விலையைக் கட்டியது பெரும்பாலும் குழந்தைகள்தான். அவர்களை யாரும் கேட்கவில்லை.

இந்தப் பிரிவுக்கு ஒரு மாற்று 1901ல்தான் வந்தது. மார்கரெட் எட்டி என்ற அம்மையார் முன்னின்று, ஹைகிளர்க் என்ற கட்டிடத்தில் ஒரு சில மிஷனரிப் பிள்ளைகளோடு பள்ளி தொடங்கினார். இனி பிள்ளைகள் கடல் தாண்ட வேண்டாம், மலை ஏறினால் போதும். கோடையில் பெற்றோரும் மேலே வந்துவிடுவார்கள். அதே பள்ளிதான் 1970களில் கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் ஆனது.

ஆனால் அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு எது சொந்த ஊர்? சமவெளியில் ஆயாவிடம் கற்ற தமிழ், மலையில் அமெரிக்கப் பாடம், பாஸ்போர்ட்டில் இன்னொரு நாடு. பெற்றவர்கள் தமிழ்நாட்டுக்குள் கொஞ்சம் அமெரிக்காவைக் கட்டிக்கொண்டார்கள். பிள்ளைகளோ அமெரிக்காவுக்குப் போனாலும் அங்கே வெளியூர்க்காரர்கள்தான். இன்று துபாயிலும் சிங்கப்பூரிலும் வளரும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது நன்றாகப் புரியும்.

ஐடா ஸ்கடர் கதை தெரிந்ததுதான். இந்தியா வேண்டவே வேண்டாம் என்றிருந்தவர், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார், பிறகு டாக்டருக்குப் படித்து வேலூர் மருத்துவமனையை உருவாக்கினார். வயதான பிறகு அவர் அமெரிக்காவுக்குத் திரும்பவில்லை. கொடைக்கானலில் 'ஹில்டாப்' என்ற வீட்டில் இருந்தார். 1960 மே 24 அன்று அங்கேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 89.