அம்பாசிடர் உண்மையிலேயே ‘கெட்டுப்போகாத’ காரா?

1.
“அம்பாசிடர் மாதிரி ஒரு வண்டி இனி வராது சார். முப்பது வருஷம் ஓட்டினோம், ஒரு பிரச்சனை இல்ல.”

அஸ்தம்பட்டி ரவுண்டானா பக்கம் எந்த டீக்கடையில கார் பேச்சை எடுத்தாலும் இதை ஒருத்தர் சொல்லுவார். அவர் பொய் சொல்லல. ஆனா அந்த ‘ஒரு பிரச்சனை இல்ல’ங்கற வார்த்தைக்குள்ள நிறைய வரலாறு இருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

2.
முதல்ல வண்டியோட பூர்வீகம். இங்கிலாந்துல ‘மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3’னு ஒரு கார் இருந்துச்சு. பிர்லா குடும்பத்தோட ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதை வாங்கி, கொல்கத்தா பக்கத்துல உத்தர்பாராவில் 1957 வாக்கில் அம்பாசிடரா தயாரிக்க ஆரம்பிச்சாங்க. அங்க அந்த மாடல் 1959-லேயே முடிஞ்சுபோச்சு. இங்க 2014 மே மாசம் தொழிற்சாலை நிற்கிற வரைக்கும், அதே உருவத்துல, சின்னச் சின்ன மாற்றங்களோட வந்துட்டே இருந்துச்சு. அதாவது சுமார் 57 வருஷம்.

3.
ஏன் மாத்தல? மாத்த வேண்டிய கட்டாயம் இல்ல. அன்னைக்கு கார் தயாரிக்க அரசு லைசென்ஸ் வேணும். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ரெண்டும் 1950-களின் நடுவிலேயே இந்தியாவை விட்டுப் போயிட்டாங்க. மிச்சம் மூணு பேர்தான்: உத்தர்பாராவில் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட் (பின்னாடி பத்மினி), நம்ம சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

பணத்தைக் கட்டிட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும். அப்படி வாங்கின வண்டியை யாராவது சும்மா தூக்கிப் போடுவாங்களா? கெட்டா சரி பண்ணுவாங்க. மறுபடியும் கெட்டா, மறுபடியும் சரி பண்ணுவாங்க. ‘நீண்ட ஆயுசு’க்கு முதல் காரணம் இதுதான். வேற வழி இல்ல.

4.
சரி, கெட்டுச்சா? நல்லாவே கெட்டுச்சு.

பாயிண்ட் கருகும், கார்பரேட்டர் அடைக்கும், வெயில்ல பெட்ரோல் பம்ப்ல காத்து பிடிச்சு வண்டி நின்னுடும். ஈரத்துணியைப் பம்ப் மேல சுத்தி, கொஞ்ச நேரம் மரத்தடியில நின்னுட்டுக் கிளம்புவாங்க. முன்பக்க சஸ்பென்ஷனுக்கு அடிக்கடி கிரீஸ் அடிக்கலைன்னா தேய்ஞ்சு ஆட்டம் கொடுக்கும். மழைத்தண்ணி இறங்கி ஃப்ளோர் துரு பிடிக்கும். “ஹாரனைத் தவிர எல்லாம் சத்தம் போடும்”னு கிண்டல் பண்ணினதும் இதே வண்டியைத்தான்.

5.
இதுக்கு நம்ம ஊர்லயே ஒரு பரீட்சை உண்டு. அஸ்தம்பட்டியில இருந்து கோரிமேடு தாண்டி அடிவாரம், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, மேல ஏற்காடு.

முழு லோடு ஏத்தின பழைய பெட்ரோல் அம்பாசிடர்ல இருந்தது 1489 சிசி என்ஜின், ஏறக்குறைய 50 குதிரைத்திறன். இன்னைக்கு சின்ன ஹேட்ச்பேக்லயே இதைவிட அதிகம். பாதி மலையில ரேடியேட்டர் கொதிக்கும். அதனால டிக்கியில தண்ணி கேன் இல்லாம யாரும் மலை ஏற மாட்டாங்க. இறங்கும்போது நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். தொடர்ந்து மிதிச்சா சூடேறி பிடிப்பு குறையும். அதனாலதான் பழைய டிரைவர்கள் ‘ஏறின கியர்லயே இறங்கு’ன்னு சொல்லிக் கொடுத்தாங்க. அந்தப் பாடம் இன்னைக்கும் செல்லும்.

6.
அப்போ “ஒரு பிரச்சனை இல்ல”னு ஓனர்கள் ஏன் சொல்றாங்க?

எங்க ஓ.பி.யில தினமும் பார்க்கிற விஷயம் இது. இருபது வருஷமா சுகர் இருக்கிற ஒருத்தர்கிட்ட “உடம்புக்கு ஏதாவது இருக்காப்பா?”ன்னு கேட்டா, “ஒண்ணும் இல்ல சார், சுகர் மட்டும்தான்”னு சொல்லுவார். மாத்திரை, மாசாமாசம் செக்கப் எல்லாம் பழகிப்போச்சு. பழகின வியாதி வியாதியா தெரியாது.

அம்பாசிடரும் அப்படித்தான். அது கெடாத வண்டி இல்ல. தெரிஞ்ச விதத்துல, தெரிஞ்ச இடத்துல கெடுற வண்டி. 57 வருஷம் பெருசா மாறாததால, என்ன சத்தம் வந்தா எது போயிருக்குன்னு ஊர்ல எல்லா மெக்கானிக்குக்கும் மனப்பாடம்.

7.
இங்கதான் சேலம், நாமக்கல் பக்கத்து ஜனங்க இந்தக் கதைக்குள்ள வர்றாங்க. நாமக்கல்ல லாரி பாடி கட்டுறது, சங்ககிரியில லாரி, திருச்செங்கோட்டுல ரிக் வண்டி. இப்படி இரும்போட பொழங்குற ஊர்கள் இது. லேத் பட்டறைக்கும் வெல்டிங்குக்கும் டிங்கரிங்குக்கும் பஞ்சமே இல்ல. கிடைக்காத பார்ட்டைக் கடைஞ்சே கொடுத்துடுவாங்க. என்ஜினை இறக்கி, போர் பண்ணி, பிஸ்டன் ரிங் மாத்தி, மறுபடி ஏத்திடுவாங்க.

‘அஞ்சு லட்சம் கிலோமீட்டர் ஓடிச்சு’ன்னு பெருமையா சொல்ற வண்டிக்குள்ள இந்த மாதிரி எத்தனை கைகளோட வேலை இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அந்தப் பேர்ல பாதி அவங்களுக்குப் போகணும்.

8.
இன்னொரு கணக்கும் இருக்கு. “எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் பீடி குடிச்சார், ஒண்ணும் ஆகல”ன்னு சொல்றவங்களைப் பார்த்திருப்பீங்க. ஐம்பதுல போன தாத்தாக்களைப் பத்தி யாரும் டீக்கடையில பேசறதில்ல. அதே மாதிரி, இன்னைக்கு பளபளன்னு நிற்கிற அம்பாசிடர் நம்ம கண்ணுக்குத் தெரியும். துரு பிடிச்சு எடைக்குப் போனது தெரியாது.

9.
இப்போ நான் முக்கியமா சொல்ல வந்தது. “அந்தக் காலத்து இரும்பு சார், மோதினாலும் வண்டிக்கு ஒண்ணும் ஆகாது.”

வண்டிக்கு ஆகாது, சரி. உள்ள இருக்கிறவங்களுக்கு?

மோதுற வேகம் எங்கேயாவது போய்த்தான் ஆகணும். முன்பக்கம் நசுங்கி அதை வாங்கிக்கிட்டா உடம்புக்கு வர்ற அடி குறையும். இந்த யோசனைக்கு மெர்சிடிஸ் இன்ஜினியர் பேலா பரேன்யிக்கு 1952-லேயே காப்புரிமை கிடைச்சாச்சு. மூணு முனை சீட் பெல்ட்டை வால்வோவின் நில்ஸ் போலின் 1959-ல் கொண்டுவந்தார். அதாவது அம்பாசிடர் பிறந்த அதே காலத்துல. நம்ம ஊர்ல 1994-க்கு அப்புறம் தயாரான கார்களுக்குத்தான் முன் சீட் பெல்ட் கட்டாயமாச்சு.

10.
வண்டி நசுங்காம, பெல்ட்டும் இல்லாம இருந்தா என்ன ஆகும்? டிரைவரோட நெஞ்சு ஸ்டீயரிங்ல மோதும்: நெஞ்செலும்பு, விலா எலும்பு, உள்ள நுரையீரல், இதயம். வயித்துல கல்லீரல், மண்ணீரல் கிழிஞ்சு உள்ளுக்குள்ளேயே ரத்தம் போகும். முழங்கால் டாஷ்போர்டுல இடிச்சு, இடுப்பு மூட்டு பின்பக்கமா நழுவும். எலும்பு முறிவு பாடப் புத்தகத்துல இதுக்குப் பேரே ‘டாஷ்போர்டு காயம்’.

வண்டியை டிங்கரிங் பட்டறையில நேராக்கிடலாம். மண்ணீரலுக்கு அந்த வசதி இல்ல.

11.
1983 டிசம்பர் 14-ல் மாருதி 800 வந்துச்சு. “தகர டப்பா”ன்னு சிரிச்ச அதே ஜனங்க கொஞ்ச வருஷத்துல அதுக்கே மாறினாங்க. காலையில சாவி போட்டா ஸ்டார்ட் ஆச்சு, மைலேஜ் கொடுத்துச்சு, பட்டறைக்குப் போற நாட்கள் குறைஞ்சுது. நம்பகத்தன்மைக்கு அன்னைக்குத்தான் நடுத்தரக் குடும்பத்துக்கு வேற அர்த்தம் கிடைச்சுது. 90-களில் இசுஸு 1.8 லிட்டர் என்ஜின் போட்டும் அம்பாசிடரால பழைய இடத்தைப் பிடிக்க முடியல. டாக்சியும் அரசு அலுவலகமும்தான் கடைசி வரைக்கும் தாங்கிப் பிடிச்சுது. 2017-ல் அந்தப் பேரையே 80 கோடி ரூபாய்க்கு பெஜோ நிறுவனத்துக்கு வித்துட்டாங்க.

12.
அதுக்காக அம்பாசிடரை நான் திட்டல. அதுகிட்ட கத்துக்க ஒண்ணு இருக்கு: பழுது பார்க்க முடியுற பொருள்தான் நீண்ட நாள் வாழும். இன்னைக்கு ஒரு சென்சார் போனா முழு யூனிட்டையும் மாத்தச் சொல்ற காலம். பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022-ல் ஒரு இணையதளமே தொடங்க வேண்டி வந்துச்சு. அம்பாசிடர் ஓனருக்கு அந்த உரிமை தெருமுனைப் பட்டறையிலேயே இருந்துச்சு.

13.
வீட்டுல பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆன செடான் வெச்சிருக்கிறவங்களுக்கு நாலே விஷயம்.

– ‘நல்லா ஓடுது’ வேற, ‘பாதுகாப்பா இருக்கு’ வேற. ரெண்டையும் தனித்தனியா பாருங்க.
– டயர்ல பட்டன் இருந்தா மட்டும் போதாது. பக்கவாட்டுல கடைசி நாலு எண் பாருங்க. 1218-னா 2018-ஆம் வருஷம் 12-ஆவது வாரம் செஞ்சது. ரப்பருக்கும் வயசு உண்டு.
– பிரேக் ஆயிலை எப்போ மாத்தினீங்கன்னு ஞாபகம் இல்லைன்னா, மாத்த வேண்டிய நேரம் வந்தாச்சு.
– பின் சீட்டுலயும் பெல்ட் போடுங்க. ஏற்காடு போனாலும் சரி, ஏரியாவுக்குள்ள காய்கறி வாங்கப் போனாலும் சரி.

பழைய அம்பாசிடர் ஓனர்கள் யாராவது இதைப் படிச்சா, எந்த வருஷ மாடல், எத்தனை தடவை என்ஜின் இறக்கினீங்கன்னு சொல்லுங்க. அந்த மெக்கானிக்கையும் மறக்காம சொல்லுங்க.