வரிசை இல்லாத படகு

2025 ஜூலை 6-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் உள்ள டிஸ்னி பூங்காவில் ஒரு பழைய படகு கடைசி முறையாக மக்களை ஏற்றிச் சென்றது. மறுநாளிலிருந்து படகும் இல்லை, அது ஓடிய ஆறும் மூடப்பட்டது. இதற்கும் புதுச்சேரியில் ஈசிசேரில் சாய்ந்து கிடக்கும் கிழவனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பாரீஸ் பக்கத்தில் இருக்கும் என் பேத்தியும் தொலைபேசியில் அதைத்தான் கேட்டாள்.

"தாத்தா, நீங்க அமெரிக்காவுக்குப் போனதே இல்லையே! அங்க ஒரு போட் நின்னா உங்களுக்கு என்ன?"

அவளுக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வால்ட் டிஸ்னி கலிபோர்னியாவில் 1955-இல் தம் முதல் பூங்காவைத் திறந்தார். அவர் 1966-இல் காலமானார். அவர் தொடங்கி வைத்த புளோரிடா வேலையை அண்ணன் ராய் டிஸ்னி முடித்து, 1971 அக்டோபர் 1-ஆம் தேதி 'மேஜிக் கிங்டம்' பூங்காவைத் திறந்தார். அதன் ஒரு பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவைக் காட்டுவதற்காக ஒரு செயற்கை ஆறு வெட்டினார்கள். மிசிசிப்பி ஆற்றில் அந்தக் காலத்தில் ஓடிய சக்கரப் படகு போல நீராவியில் ஓடும் ஒரு படகு. கடைசிக் காலத்தில் அதன் பெயர் 'லிபர்ட்டி பெல்'. நீராவி நிஜம், பின்னால் சுழலும் சக்கரமும் நிஜம். ஆனால் நீருக்கடியில் தண்டவாளம் உண்டு, படகு வழி தவறாது. சுமார் அரை மைல் தூரத்தை மெல்லச் சுற்றி வரும்.

ஆற்றின் நடுவே 'டாம் சாயர் தீவு'. 1973-இல் திறந்தது. மார்க் ட்வைன் எழுதிய கதையில் வரும் பையனின் பெயர். கட்டைத் தெப்பத்தில் ஏறித்தான் அங்கே போக வேண்டும். குகை, மரக்கோட்டை, ஆடும் பாலம், உட்கார நிழல். பிள்ளைகள் ஓடுவார்கள், பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவ்வளவுதான்.

டாம் சாயரை நான் ஆங்கிலத்தில் படித்தவன் அல்லன். நம் ஊர் பிரெஞ்சுப் பள்ளியில், ப்ரெவே பரீட்சைக்கு முந்தைய வருடங்களில், பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் படித்தேன். வேலிக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னால், அதைப் பெரிய பாக்கியம் போலக் காட்டி, மற்றப் பையன்களிடம் கோலி, பட்டம் எல்லாம் வாங்கிக்கொண்டு அவர்களையே அடிக்க வைப்பான் டாம். மிசிசிப்பி எங்கே, நம் உப்பாறு எங்கே! இருந்தாலும் அந்த ஆறு எனக்குப் பழக்கமான ஆறாகிவிட்டது.

2024 ஆகஸ்டில் டிஸ்னி நிறுவனம் அறிவித்தது: இந்த ஆற்றையும் தீவையும் படகையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'கார்ஸ்' படத்தை வைத்துப் புதிய பகுதி கட்டப் போகிறோம். 2006-இல் வந்த கார்ட்டூன் படம் அது. கார்களே பேசும், அழும், காதலிக்கும். பேத்தி சிறுமியாக இருந்தபோது அதைப் பத்துத் தடவை என்னையும் பார்க்க வைத்திருக்கிறாள். அதற்கு அப்பால், கதைகளில் வரும் வில்லன்களுக்கென்று இன்னொரு பகுதியும் வருகிறது.

அறிவிப்பு வந்ததும் பூங்காவின் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

வேண்டும் என்பவர்கள் சொல்வது: இந்தக் காலப் பிள்ளைகளுக்கு டாம் சாயர் யாரென்று தெரியாது. அத்தனை பெரிய இடத்தை அடைத்துக்கொண்டு படகு பாதி காலியாகப் போகிறது. பக்கத்திலேயே யுனிவர்சல் கம்பெனி 2025 மே மாதம் 'எபிக் யுனிவர்ஸ்' என்ற புதுப் பூங்காவைத் திறந்துவிட்டது. போட்டிக்கு ஈடு கொடுக்க வேண்டாமா? பூங்கா என்றைக்கும் முடிந்துபோகாது, வளர்ந்துகொண்டே இருக்கும் என்று வால்ட் டிஸ்னியே சொல்லவில்லையா?

வேண்டாம் என்பவர்கள் சொல்வது: டிஸ்னி அங்கே வாங்கிய நிலம் சுமார் 27,000 ஏக்கர். ஏறக்குறைய பாரீஸ் மாநகரத்தின் பரப்பு. அத்தனை நிலம் இருக்க, உள்ள ஒரே ஆற்றைத்தான் தூர்க்க வேண்டுமா? ஆண்டுக்கு ஒன்றரைக் கோடிக்கும் மேல் ஜனம் வந்து நெரிகிற இடத்தில் மூச்சு விடுவதற்கு இருந்தது அந்தத் தண்ணீரும் மரமும்தான். அதை எடுத்தால் வெயிலும் கூட்டமும்தான் மிஞ்சும்.

புதுப் பகுதியிலும் மலை, மரம், ஓடை எல்லாம் இருக்கும் என்கிறது நிறுவனம். இருக்கலாம். ஆனால் ஓடையில் படகு போகாது.

இந்தச் சண்டை அங்கே புதிதல்ல. 1971-இல் பூங்கா திறந்த சில நாட்களிலேயே ஜூல் வெர்ன் கதையை வைத்து நீர்மூழ்கிக் கப்பல் சவாரி ஒன்று வந்தது. நம் வயதுக்காரர்கள் 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்' கதையைப் பச்சை அட்டைப் புத்தகமாகப் படித்திருப்பீர்கள். அதன் நாயகன் கேப்டன் நீமோ ஓர் இந்திய இளவரசன் என்று வெர்ன் பிறகு வேறொரு நாவலில் எழுதியதைச் சொல்லி, எங்கள் முசியே வகுப்பில் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தார். அந்தச் சவாரியை 1994 செப்டம்பரில் நிறுத்தினார்கள். பராமரிப்புக்கு என்றார்கள், பிறகு திறக்கவே இல்லை. குளம் பத்து வருடம் சும்மா கிடந்தது. 2004-இல் நீரை வடித்து மூடினார்கள்.

அடுத்தது 1998. 'மிஸ்டர் டோட்' என்ற தவளையின் கார் சவாரி. கார்ப் பைத்தியம் பிடித்த தவளை, கெனத் கிரஹாம் 1908-இல் எழுதிய கதையில் வருவது. அதை எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி 1997-இல் கசிந்ததும், ரசிகர்கள் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டமாக வந்து சவாரி செய்து எதிர்ப்பைக் காட்டினார்கள். பலிக்கவில்லை. 1998 செப்டம்பரில் மூடி, மறு வருடமே அங்கே 'வின்னி த பூ' கரடியின் சவாரியைத் திறந்தார்கள். அந்தச் சவாரிக்குள் ஒரு சின்னப் படம் மாட்டியிருக்கிறார்கள்: தவளை அந்த இடத்தின் பத்திரத்தை ஆந்தையின் கையில் ஒப்படைப்பதாக! முறைப்படி பட்டா மாற்றிவிட்டார்கள். எங்கள் துறையில் கூட அவ்வளவு சுத்தமாக வேலை நடந்து நான் பார்த்ததில்லை. அன்று கார் ஓட்டிய தவளையைத் துரத்தினார்கள், இன்று காருக்காக ஆற்றைத் துரத்துகிறார்கள்.

எல்லாப் பழையதையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அதே பூங்காவில் 'ஸ்பிளாஷ் மவுண்டன்' என்று தண்ணீரில் சறுக்கும் சவாரி ஒன்று இருந்தது. 1946-இல் வந்த ஒரு படத்தை வைத்துக் கட்டியது. கறுப்பின மக்களை அந்தப் படம் காட்டிய விதம் சரியில்லை என்று பல காலமாகக் குறை இருந்தது. 2023 ஜனவரியில் அதை மூடி, 2024-இல் கறுப்பின இளவரசி டியானாவின் பெயரில் திறந்தார்கள். அதே சறுக்கல், அதே தண்ணீர், கதை மட்டும் வேறு. அதற்கும் சிலர் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பிறர் மனம் நோகும் பழமை எதற்கு?

ஆற்றின் விவகாரம் அப்படியல்ல. அது கணக்கு விவகாரம்.

அந்தப் பூங்காவில் ஆரம்பத்தில் ஒவ்வொரு சவாரிக்கும் தனிச்சீட்டு. சீட்டுப் புத்தகம் வாங்கி, ஒவ்வொன்றாகக் கிழித்துக் கொடுக்க வேண்டும். எந்தச் சவாரிக்கு எத்தனை சீட்டு என்று தெரிந்துவிடும். 1982-இல் அந்த முறை போய், வாசலில் ஒரே கட்டணம் என்று வந்தது. அதன் பிறகு வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு சவாரியின் மதிப்பு வரிசையின் நீளம்தான். இரண்டு மணி நேரம் காத்திருந்தால் அது பிரமாதம். காத்திருக்கவே வேண்டாம் என்றால் யாருக்கும் வேண்டாதது.

இங்கேதான் படகு தோற்றது. ஒரே நடையில் நூற்றுக்கணக்கான பேரை ஏற்றிக்கொள்ளும் படகுக்கு வரிசை எப்படி நிற்கும்? வருகிற அத்தனை பேரையும் அது சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். தீவும் அப்படித்தான். நல்லபடியாக வேலை செய்ததே அதற்குக் குற்றமாகிவிட்டது.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 2009-இல் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது எங்களைப் பாரீஸ் டிஸ்னி பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். 1992-இல் அது திறந்தபோது பிரான்சில் எத்தனை எதிர்ப்பு! நாடக இயக்குநர் அரியான் முனூஷ்கின் அதைப் பண்பாட்டுக்கு நேர்ந்த செர்னோபில் என்றார். நான் போனபோது அங்கே நின்ற ஜனமெல்லாம் பிரெஞ்சு ஜனம்தான்.

என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்திருந்தது. மருமகனும் பிள்ளைகளும் மலை ரயிலுக்கு வரிசையில் நின்றார்கள். அவளால் நிற்கவும் முடியாது, அந்த ரயிலில் ஏறவும் முடியாது. அங்கேயும் இதே போல் ஆறும் 'மாலி பிரவுன்' என்ற சக்கரப் படகும் உண்டு. அதில் ஏறி உட்கார்ந்தோம். ஒரு சுற்று முடிந்ததும், "இன்னொரு தடவை போவலாமா?" என்றாள். மறுபடி ஏறினோம். தலைக்கு மேல் மலை ரயிலில் பேத்தி கத்திக்கொண்டே போனாள், இவள் கீழேயிருந்து கையை ஆட்டினாள். அன்று நாள் முழுக்க அவள் அனுபவித்தது அந்த இரண்டு சுற்றுதான். அவள் போய் ஆறு வருடம் ஆகிறது.

அந்தப் பாரீஸ் பூங்காவில் ஒரு விஷயம் கவனித்தேன். மலை ரயில் இருப்பதே ஆற்றின் நடுவில் உள்ள தீவில்தான். ரயில் ஆற்றுக்கு அடியில் சுரங்கம் வழியாகப் போய் மேலே வருகிறது. வேகம் வேண்டியவர்களுக்கு வேகம், உட்கார வேண்டியவர்களுக்குப் படகு. இரண்டும் ஒரே இடத்தில். கலிபோர்னியாவிலும் அப்படி ஒரு நல்ல காரியம் செய்தார்கள். அங்கேயும் 1998-இல் மூடிய நீர்மூழ்கிக் கப்பல்களை 2007-இல் 'நீமோ' மீன் படத்தை வைத்து மறுபடி ஓடவிட்டார்கள். கேப்டன் நீமோ போய் மீன் நீமோ வந்தது, குளமும் கப்பலும் பிழைத்தன. ஸ்டார் வார்ஸ் பகுதி கட்ட இடம் வேண்டியிருந்தபோதும் அங்கே ஆற்றைத் தூர்க்கவில்லை, கொஞ்சம் சுருக்கிக்கொண்டு 2017-இல் மறுபடி படகு விட்டார்கள். மனம் இருந்தால் இடம் உண்டு.

இவ்வளவு பேசுகிற நானும் யோக்கியன் அல்லன். எழுபதுகளின் கடைசியில் நான் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. எந்த அலுவலகம் என்பது இருக்கட்டும். ஜீப் நிறுத்தக் கொட்டகை கட்ட இடம் பார்த்துக் குறிப்பு எழுதச் சொன்னார் அதிகாரி. பக்கத்தில் பூவரச மரத்தடியில் ஒரு மண்தரை. காலை பதினோரு மணிக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு நாய் படுத்திருந்தது. 'காலி இடம், எவ்விதப் பயன்பாட்டிலும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோப்பு மூன்றே வாரத்தில் ஒப்புதலாகி வந்தது.

கொட்டகைக்குக் கால் நட்ட அன்றுதான் தெரிந்தது. பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் ஏழெட்டுப் பேர், வெயில் தாழ்ந்ததும் இரும்புக் குண்டுகளோடு வந்து பெத்தாங்க் ஆடும் இடம் அது. எனக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் என் அப்பாவின் சிநேகிதர். கோபப்படவில்லை. குண்டுப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஏம்ப்பா, சாயங்காலமா ஒரு தடவை வந்து பார்த்திருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார்.

அவருக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு அவர்கள் வேறு எங்கே ஆடினார்கள் என்று நான் விசாரிக்கவும் இல்லை.

புளோரிடாவில் கடைசி நாள் படகுக்குப் பெருங்கூட்டமாம். அன்றைக்கு மட்டும் அதற்கு வரிசை நின்றது. பேத்தி இதைச் சொல்லிச் சிரித்தாள்: "பார்த்தீங்களா தாத்தா, மூடறாங்கன்னாதான் எல்லாரும் வர்றாங்க. முன்னாடியே வந்திருக்கலாம்ல?" அவள் சொன்னதில் நியாயம் உண்டு. நானும் என் பங்குக்கு ஒன்று கேட்டேன். இருபது வருடம் கழித்து அந்தக் கார்களையும் எடுத்துவிட்டு வேறு ஏதாவது கட்டுவார்களே, அப்போது நீ என்ன செய்வாய் என்று.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அடுத்த வாரம் இங்க இருக்கிற மாலி பிரவுன்ல ஒரு சுத்துப் போய்ட்டு வரேன். ஆயா உட்கார்ந்த பக்கமா உட்கார்றேன்" என்றாள்.