வள்ளி கும்மி: கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் சொந்தக் கதை

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனால் வீடு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைக் கேட்டேன். "அல்லாரும் கோயில் மைதானத்துல கும்மி பழகறாங்க கண்ணு. நானும் அங்கதான் போறேன், வர்றயா?" என்றார். அவருக்கு வயது 61. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னார் என்பது கூடுதல் தகவல் :)

எங்கள் ஊர் பெருமாநல்லூர் பக்கம். திருப்பூர் என்றால் பனியன், பனியன் என்றால் திருப்பூர், அதற்கு மேல் எங்களைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்பதில்லை. 2024-25 நிதியாண்டில் ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி ஆனது என்று பேப்பரில் வந்தது. அந்த 40,000 கோடியில் என் அம்மாவின் பங்கு செக்கிங் டேபிள். காலையில் எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரை. அப்படிப்பட்டவர் இப்போது வேலை விட்டு வந்ததும் சீலையை மாற்றிக்கொண்டு ஓடுகிறார். போய்ப் பார்த்தேன்.

எண்பது தொண்ணூறு பேர் இருக்கும். உள்வட்டத்தில் சின்னப் பிள்ளைகள், வெளிவட்டத்தில் பெரியவர்கள். நடுவில் ஒரு வாத்தியார், கையில் ஜால்ரா, கழுத்தில் தொங்கும் மைக். ஒரு அடி பாடுகிறார், வட்டம் அதைத் திருப்பிப் பாடிக்கொண்டே கை தட்டி நகர்கிறது. முன்னால் ஒரு அடி, பின்னால் ஒரு அடி, குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, ஒரு சுற்று. பாட்டின் சந்தம் மாறினால் அடவும் மாறும். எப்போது மாறும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். மாறுவதற்கு ஒரு நொடி முன்னால் ஒரு சத்தம் கொடுக்கிறார், தொண்ணூறு பேரும் திரும்புகிறார்கள். நான் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பிப் பெரியம்மா மேல் மோதினேன்.

இந்த "ஒரு நொடி முன்னால்" என்பதுதான் என்னைக் கவர்ந்தது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் கான்ட்ரா டான்ஸ் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு நீள வரிசையாக எதிரெதிரே நிற்பார்கள், மேடையில் வயலின்காரர்கள் வாசிப்பார்கள், "காலர்" என்ற ஒருவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைத் தாளத்துக்குக் கொஞ்சம் முன்னால் கூவிச் சொல்வார். முதலில் பாட்டில்லாமல் ஒரு தடவை நடந்து பழக்குவார், ஆட்டம் பழகியதும் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்து மௌனமாகிவிடுவார். எங்கள் வாத்தியாரும் அதே தொழில்தான் செய்கிறார். என்ன, அவர் கடைசி வரை மௌனமாவதில்லை. பாட்டே அவர்தானே!

கான்ட்ராவின் பூர்வீகம் இங்கிலாந்தின் கிராமத்து ஆட்டங்கள். ஜான் பிளேஃபோர்டு என்பவர் 1651-ல் லண்டனில் அவற்றைத் தொகுத்து அச்சிட்டார். அங்கிருந்து பிரான்ஸ், பிறகு அட்லாண்டிக் தாண்டி அமெரிக்கா. அச்சுப் புத்தகம் இருப்பதால் அவர்களால் இப்படி வருஷம் சொல்ல முடிகிறது. நம் கும்மிக்கு அப்படி ஒரு தொடக்க வருஷத்தை யாராலும் சொல்ல முடியாது.

வள்ளி பழையவள் என்பது மட்டும் நிச்சயம். நற்றிணையின் 82-ஆம் பாட்டில் முருகனோடு சேர்ந்து போகும் வள்ளி உவமையாக வருகிறாள். தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவர்கள் வள்ளிக்கூத்து என்ற ஓர் ஆட்டத்தைச் சொல்கிறார்கள். இதைப் பிடித்துக்கொண்டு "எங்கள் வள்ளி கும்மி தொல்காப்பியக் காலத்தது" என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெயர் ஒன்றாக இருந்தால் ஆட்டமும் ஒன்று என்று ஆகிவிடாது. இப்போது பாடப்படும் கதையின் விரிவான வடிவம் கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில், கடைசியாக வரும் வள்ளியம்மை திருமணப் படலத்தில் இருக்கிறது. தினைப்புலம், பரண், வேடனாக வருவது, வேங்கை மரமாக நிற்பது, கிழவனாக வருவது, யானையாக வந்து அண்ணன் உதவுவது எல்லாம் அங்கே உண்டு. நாடக மேடைக்கு அதைக் கொண்டுபோனவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). அவருடைய வள்ளி திருமணம் இன்றும் தென் மாவட்டங்களில் விடிய விடிய நடக்கிறது.

கும்மி தனிக் கதை. கை கொட்டி வட்டமாகச் சுற்றுவது தமிழ்நாடு முழுக்க, முளைப்பாரியைச் சுற்றி, பொங்கலுக்கு, பூப்புச் சடங்குக்கு, எல்லாச் சாதிப் பெண்களும் ஆடியது. அந்த மெட்டு காதில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் எழுதத் தெரிந்தவர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். வள்ளலார் சண்முகர் கொம்மி எழுதினார். பாரதியார் பெண்கள் விடுதலைக்குக் கும்மி எழுதினார். மலிவு விலைப் புத்தகங்களில் ஞானக் கும்மி, வைத்தியக் கும்மி என்று எதை எடுத்தாலும் கும்மி. அந்தக் காலத்து ரிங்டோன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்த இரண்டும் கொங்கு நாட்டில் ஒன்றாகக் கலந்ததுதான் வள்ளி கும்மி. ஒயிலாட்டத்தின் அடவுகளும் சேர்ந்ததால் வள்ளி ஒயில் கும்மி என்றும் சொல்வார்கள். இதில் ஒரு வேடிக்கை. கும்மி என்றாலே பெண்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம், ஆனால் வள்ளி ஒயில் கும்மி ஆண்களின் ஆட்டமாகத்தான் இருந்தது. பெண்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அந்த வழக்கத்தை உடைத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் என்று சொல்லித்தான் மேட்டுப்பாளையம் பக்கத்து வாத்தியார் பத்திரப்பனுக்கு 2024 ஜனவரியில் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அப்போது அவருக்கு 87 வயது. புராணக் கதையோடு சமூக விஷயங்களையும் பாட்டில் சேர்த்துப் பாடியவர்.

அதாவது "பாரம்பரியம் மாறாமல் ஆடுகிறோம்" என்று சொல்லும் என் அம்மா, பாரம்பரியம் மாறியதால்தான் ஆடுகிறார். இதை அவரிடம் சொன்னேன். "சோறு திங்கறயா இல்லையா?" என்று கேட்டார்.

எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்) சின்ன வயதில் ஆடியவர். ஏன் நின்றுபோனது என்று கேட்டால் அவர் டிவியைக் குறை சொல்லவில்லை. "நைட் ஷிப்ட் வந்துச்சு, கும்மி போச்சு" என்றார். யோசித்துப் பார்த்தால் சரிதான். கும்மிக்கு ஊர் முழுக்க ஒரே நேரத்தில் சாயங்காலம் ஓய்வாக இருக்க வேண்டும். சோளக்காட்டு வேலை எல்லோரையும் ஒரே நேரத்தில் விடும், கம்பெனி அப்படி விடாது. எழுபதுகளின் கடைசியில் ஏற்றுமதி ஆர்டர்கள் வரத் தொடங்கியபின் ஆளுக்கொரு நேரம். ஒருவன் நிட்டிங், ஒருவன் சாயப்பட்டறை, ஒருவன் ஓவர்லாக். வட்டம் கட்ட ஆள் சேராது.

மறுபடி வந்தது கடந்த பத்துப் பதினைந்து வருஷத்தில். செல்போன் வீடியோ ஒரு காரணம். இன்னொரு காரணம், இப்போதைய ஏற்பாட்டு முறை. ஊர் சேர்ந்து ஒரு வாத்தியாரைக் கூப்பிடுகிறது, வேலை முடிந்து வருபவர்களுக்குத் தோதாக ராத்திரியில் பயிற்சி, வாரக்கணக்கில் பழகிவிட்டு ஒரே நிறச் சீலையில் கோயில் முன்னால் அரங்கேற்றம். ஒரு ஊர் முடிந்ததும் வாத்தியார் அடுத்த ஊர் போகிறார். 2024-ல் பெருந்துறையில் ஓர் அரசியல் கட்சி மாநாட்டில் சுமார் 16,000 பெண்கள் ஒரே நேரத்தில் ஆடியது உலக சாதனை என்று பேசப்பட்டது. கட்சிகளுக்கு வட்டம் கண்ணில் பட்டுவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இதுவரை நன்றாகத்தான் இருந்தது.

சில வருஷம் முன் ஒரு வீடியோ பரவியது, உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கும்மி மேடையில் ஒருவர் பெண் பிள்ளைகளிடம், சொந்தச் சாதிப் பையனைத்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்று உறுதிமொழி வாங்குகிறார். ஆடி முடித்து மூச்சு வாங்கும் பிள்ளைகள் திருப்பிச் சொல்கிறார்கள், பாட்டைத் திருப்பிச் சொல்வதைப் போலவே. பெரிய கண்டனம் எழுந்தது. எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். எந்தக் கதையைப் பாடிவிட்டு இதைச் சொல்கிறார்கள்? வள்ளி வேடர் குடியில் வளர்ந்த பெண். வீட்டுக்குத் தெரியாமல் காதலித்து, வந்தவனோடு ராத்திரியில் கிளம்பிப் போனவள். அண்ணன்மார் ஆயுதத்தோடு துரத்திக்கொண்டு வருவதும் அந்தக் கதையில் உண்டு. 2016 மார்ச் 13-ல் உடுமலைப்பேட்டையில் சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காக சங்கர் என்ற இன்ஜினியரிங் மாணவரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அது எங்கள் மாவட்டம்தான். அந்தக் கொலைக்கும் கும்மிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அப்படி ஒன்று நடந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு அந்த உறுதிமொழியை வெறும் பேச்சு என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

ஹென்றி ஃபோர்டு ஞாபகத்துக்கு வருகிறார். ஆமாம், கார் ஃபோர்டுதான். 1920-களில் அவர் பழைய கிராமத்து ஆட்டங்களை மீட்கிறேன் என்று இறங்கினார். பெஞ்சமின் லவெட் என்ற ஆட்ட வாத்தியாரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார், 1926-ல் ஆட்டம் கற்க ஒரு புத்தகம் போட்டார், கம்பெனி அதிகாரிகளை அழைத்து ஆட வைத்தார். முதலாளி அழைத்தால் வராமல் இருக்க முடியுமா? நல்ல காரியம்தானே என்று தோன்றும். ஆனால் அவர் நடத்திய பத்திரிகை அதே காலத்தில் ஜாஸ் இசையை யூதர்களின் சதி என்று எழுதிக்கொண்டிருந்தது. பழைய ஆட்டம் அவருக்குச் "சுத்தமான" அமெரிக்காவின் அடையாளம். பிற்பாடு என்ன தெரிந்தது? ஃபில் ஜேமிசன் என்ற ஆய்வாளர் 2015-ல் வந்த தன் புத்தகத்தில், கூவிச் சொல்லி ஆட்டுவிக்கும் அந்தக் "காலர்" முறையே கறுப்பின வயலின்காரர்களிடமிருந்து வந்தது என்று வாதிடுகிறார். சுத்தம் என்று எதைத் தூக்கிப் பிடித்தாரோ, அதன் குரலே அவர் ஒதுக்க நினைத்தவர்களுடையது!

எங்கள் அரங்கேற்றத்துக்கும் மேளம் வந்தது. பறையும் உறுமியும் அடிக்கும் கலைஞர்கள் இந்தப் பக்கம் பெரும்பாலும் தலித் குடும்பத்தினர். தாளம் அவர்களுடையது. வட்டத்துக்குள் அவர்கள் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். சொல்ல வேண்டியதில்லை.

இப்போது சொந்தக் கதை. அம்மாவோடு அதே டேபிளில் வேலை செய்யும் அக்காவின் மகள் எனக்குப் பள்ளித் தோழி. காலேஜ் போகவில்லை, கம்பெனி ஹாஸ்டலில் தங்கி பேட்லாக் ஓட்டுகிறாள். அவளுக்கும் கும்மி பழக ஆசை. நான் போய் ஏற்பாடு செய்கிறவர்களிடம் கேட்டேன். திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. "நம்ம ஊர்க்காரங்க மட்டும்னு பேசியிருக்கறமுங்க, எண்ணிக்கையும் முடிஞ்சு போச்சு" என்றார்கள், மரியாதையாக. அடுத்த நாள் பல்லடத்திலிருந்து ஒருவருடைய மச்சினி வந்து சேர்ந்தார். அவரை யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை.

அம்மாவிடம் சண்டை போட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. ஆனால் மறுநாளும் பயிற்சிக்குப் போனார். அவரை நான் குறை சொல்லவும் முடியாது. இருபது வருஷத்தில் தனக்காக அவர் வீட்டை விட்டு வெளியே வந்தது இதற்கு மட்டும்தான்.

சரி, அந்தக் காலத்தில் இப்படி இருந்திருக்காது, இதெல்லாம் புதிதாக வந்த வியாதி என்று எழுதி முடிக்கலாம் என்று நினைத்துத்தான் அப்பாருவிடம் போனேன். "நீங்க ஆடும்போது ஊருல அல்லாரும் ஆடுவாங்களாங்க அப்பாரு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "பாக்கறதுக்கு அல்லாரும் வருவாங்க சாமி. அவிக அந்தப் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நின்னு பாப்பாங்க" என்றார். புளியமரம் ரோடு அகலப்படுத்தும்போது போய்விட்டது. அவர் கை காட்டிய இடத்தில் இப்போது ஒரு பேக்கரி இருக்கிறது.

அரங்கேற்றம் நன்றாகவே நடந்தது. பெரியம்மா ஒரு அடி கூடத் தப்பவில்லை. நான் எடுத்த வீடியோவைத் தோழிக்கு அனுப்பினேன், அனுப்பலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத்தான். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் அவளும் ஒரு வீடியோ அனுப்பினாள். ஹாஸ்டல் மொட்டை மாடி. திண்டுக்கல் பிள்ளைகள், ஒடிசா பிள்ளைகள், ஜார்க்கண்டிலிருந்து வந்த இரண்டு பேர். வட்டமாக நின்று கை தட்டுகிறார்கள். ஜார்க்கண்ட் பிள்ளைகள் அவர்கள் ஊர் ஜுமர் ஆட்டத்தில் செய்வதுபோலப் பக்கத்தில் இருப்பவர் கையைக் கோத்துக்கொள்ள, தட்ட வேண்டிய இடத்தில் தட்ட முடியாமல் எல்லோரும் சிரிக்கிறார்கள். கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: "நாலாவது அடவு உன் வீடியோவுல சரியா தெரியல, யாரோ மறைக்கறாங்க. அம்மாகிட்ட கேட்டுச் சொல்லு."

அம்மாவிடம் கேட்டேன். மெஷின் துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்து, "போனை நேராப் புடி" என்றார்.