பாம்பே ஹை: ஓர் எண்ணெய் வயலின் ஏற்றமும் இறக்கமும்

மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில், 1974 பிப்ரவரியில், சாகர் சாம்ராட் என்ற கடல் துளையிடு மேடை தோண்டிய கிணற்றில் எண்ணெய் தட்டுப்பட்டது. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை நான்கு மடங்காகி நாடு திண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. 1976 மே 21 அன்று உற்பத்தி தொடங்கியது. 1980களில் நாளொன்றுக்கு 4.71 லட்சம் பீப்பாய் என்ற உச்சத்தைத் தொட்ட அந்த வயல், 2024 ஏப்ரலில் கொடுத்தது 1.34 லட்சம் பீப்பாய்தான்.

எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று சொல்வது எளிது. நடந்தது அவ்வளவு எளிதல்ல.

பாம்பே ஹையில் எண்ணெய் குளமாகத் தேங்கிக் கிடக்கவில்லை. சுண்ணாம்புப் பாறையின் நுண்துளைகளில் ஊறிக் கிடக்கிறது. அதை மேலே தள்ளுவது பாறைக்குள் இருக்கும் அழுத்தம். எடுக்க எடுக்க அழுத்தம் இறங்கும். ஓர் அளவுக்குக் கீழே போனால், மூடி திறந்த சோடாவைப்போல, எண்ணெயில் கரைந்திருந்த வாயு பிரிந்து கிணற்றுக்கு முந்திக்கொண்டு ஓடிவிடும். எண்ணெயில் பெரும்பகுதி பாறையிலேயே தங்கிவிடும். இதைத் தடுக்கக் கடல்நீரை வடிகட்டி, குழாய் துருப்பிடிக்காதபடி அதிலுள்ள ஆக்சிஜனை நீக்கி, எண்ணெய் அடுக்குக்குள் செலுத்துகிறார்கள். பாம்பே ஹையில் இந்த வேலை தொடங்கியது 1984இல்தான்.

அதற்குள் எட்டு ஆண்டு ஓடிவிட்டது. இறக்குமதிச் செலவைக் குறைக்கும் அவசரத்தில் எடுப்பு வேகமாக நடந்தது. ஈடுசெய்யும் வேலை பின்தங்கியது. 1989-90இல் சுமார் 3.4 கோடி டன்னாக இருந்த நாட்டின் கச்சா எண்ணெய் உற்பத்தி 1992-93இல் 2.7 கோடி டன்னாகச் சரிந்தது. பாம்பே ஹை தளர்ந்ததே இதற்கு முக்கியக் காரணம். வளைகுடாப் போரும் அந்நியச் செலாவணி நெருக்கடியும் நாட்டை உலுக்கியதும் இதே காலத்தில்தான்!

செலுத்திய நீரும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பாறையில் இளகிய அடுக்கு எதுவோ அதன் வழியே பாய்ந்து, இறுகிய அடுக்குகளின் எண்ணெயைத் தொடாமல் கிணற்றை அடைந்துவிடும். அதனால்தான் முதிர்ந்த வயல்களில் எண்ணெயைவிட நீரே அதிகம் மேலே வருகிறது. விடுபட்ட எண்ணெயைத் தேடி 2000-01 வாக்கில், வயலை நடத்தும் அரசு நிறுவனமான ஓ.என்.ஜி.சி. மறுசீரமைப்பில் இறங்கியது: பழைய கிணறுகளிலிருந்து கிளைகள், பாறை அடுக்கோடு படுக்கைவாட்டில் செல்லும் கிணறுகள். இறக்கம் நிற்கவில்லை, வேகம் குறைந்தது.

ஒரு வயல் எவ்வளவு காலம் தாங்கும் என்பதில் ஆந்திரக் கடற்கரையில் இரண்டு துருவங்களைப் பார்க்கலாம். கோதாவரி முகத்துவாரத்தருகே உள்ள ரவ்வா வயல் 1999 முதல் பல ஆண்டுகள் நாளுக்கு 50,000 பீப்பாய் அளவில் நிலைத்து நின்றது. காக்கிநாடாவுக்கு அப்பால் ஆழ்கடலில் ரிலையன்ஸ் நடத்தும் கே.ஜி. டி-6 எரிவாயுப் பகுதியோ 2009 ஏப்ரலில் தொடங்கி, 2010இல் நாளுக்கு 6 கோடி கன மீட்டரைத் தொட்டு, அங்கிருந்து சறுக்கியது. கிணறுகளில் நீரும் மணலும் புகுந்தன. நிலவியல் ஏமாற்றிவிட்டது என்றது நிறுவனம்; ஒப்புக்கொண்ட எண்ணிக்கையில் கிணறு தோண்டவில்லை என்றது அரசு. அதன் முதல் இரு வயல்கள் 2020 பிப்ரவரியில் மூடப்பட்டன.

இறக்கம் தொடர்ந்த பாம்பே ஹைக்கு 2025 ஜனவரியில் பிரிட்டனின் பிபி நிறுவனம் தொழில்நுட்பத் துணையாக வந்தது. முதல் இரண்டு ஆண்டு நிலையான கட்டணம். அதன்பின், கணித்து வைத்த அளவுக்கு மேல் கிடைக்கும் கூடுதல் உற்பத்தியின் வருவாயில் ஒரு பங்கு. உற்பத்தியை 60 விழுக்காடு வரை கூட்டலாம் என்பது பிபியின் மதிப்பீடு.