நர்சு ரெபெக்கா டாக்டரானது

எங்கள் காலனியில் முதன்முதலாக பி.எஸ்ஸி. நர்சிங் முடித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். பெயர் வேண்டாம். அவளுடைய அம்மா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 17 வருஷம் தரை துடைத்தவர். மகள் இன்னொரு ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்சாக இருக்கிறாள். போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவள் என்னிடம் கேட்டாள்: "அண்ணா, இந்தப் படிப்ப வச்சி டாக்டருக்குப் படிக்க முடியாதா? ராத்திரி ரெண்டு மணிக்கி ஒருத்தருக்கு மூச்சுத் திணறுனா மொதல்ல ஓடறது நான்தான். டாக்டரு போன்ல சொல்றாரு, நான் செய்றேன். காலைல வந்து கேஸ் ஷீட்ல அவரு கையெழுத்துப் போடறாரு."

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். மருத்துவப் படிப்பின் சட்டதிட்டம் எனக்கென்ன தெரியும்? நாலு பேரிடம் விசாரித்தேன். முடியாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நர்சிங் படித்த 4 வருஷத்துக்கு அங்கே காலணா மதிப்பில்லை. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலையும் வேதியியலையும் உயிரியலையும் மறுபடி கையிலெடுத்து, பதினேழு வயசுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நீட் எழுத வேண்டும். 2022இல் வயது வரம்பை எடுத்துவிட்டார்கள், அதனால் எந்த வயசிலும் எழுதலாம். அது ஒன்றுதான் சலுகை. தேறினால் முதல் வருஷத்தில் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். உடற்கூறியல் படித்தாயே, மருந்தியல் படித்தாயே, நூறு பேருக்கு ஊசி போட்டாயே என்று ஒரு நாளைக்கூடக் கழித்துக்கொள்ள மாட்டார்கள். நாலரை வருஷம், அப்புறம் ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். பாலிடெக்னிக் முடித்த பையன் பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேராகப் போய் உட்காரலாம். நர்சுக்கு அப்படி ஒரு கதவு இல்லை.

ஏன் இல்லை? இந்தக் கேள்வியோடு பழைய கதைகளைப் புரட்டினேன். அப்போது கிடைத்தவர்தான் ரெபெக்கா. கறுப்பர் வரலாறு நமக்குப் புதிதல்ல. மகாராஷ்டிரத்துத் தோழர்கள் 1972இல் தங்கள் இயக்கத்துக்குச் சிறுத்தைகள் என்று பெயர் வைத்ததே அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான். ஆனால் நாம் அங்கிருந்து கவிஞர்களையும் போராளிகளையும்தான் கொண்டுவந்தோம். நர்சுகளைக் கொண்டுவரவில்லை.

ரெபெக்கா டேவிஸ் 1831இல் டெலவேர் மாநிலத்தில் பிறந்தவர். பென்சில்வேனியாவில் அத்தை வீட்டில் வளர்ந்தார். அத்தையோ சித்தியோ பெரியம்மாவோ, ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல்தான், நாம் கண்டுபிடிக்க முடியாது. அக்கம்பக்கத்தில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் அந்தம்மாவைத்தான் கூப்பிடுவார்களாம். அவர் பின்னாலேயே போய்ப் போய்த்தான் தனக்கும் இந்த ஆசை வந்தது என்று ரெபெக்கா பிற்பாடு எழுதியிருக்கிறார். 1852இல் பாஸ்டன் பக்கத்தில் சார்ல்ஸ்டவுன் வந்து, வெவ்வேறு டாக்டர்களிடம் 8 வருஷம் நர்சு வேலை பார்த்தார்.

அந்த நாளில் நர்சு என்பது படித்துச் செய்கிற வேலை இல்லை. அந்த நாட்டில் நைட்டிங்கேல் வழியிலான நர்சுப் பள்ளிகள் வந்ததே 1873இல்தான். புண்ணைத் துடைப்பது, மலச்சட்டி எடுப்பது, காய்ச்சல்காரனுக்கு ராத்திரி முழுக்க ஈரத்துணி போடுவது என்று கூடவே இருந்து கற்றுக்கொள்வதுதான். தெற்கு மாநிலங்களில் அடிமைச் சந்தை நடந்துகொண்டிருந்தது. 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் அந்நாட்டு உச்சநீதிமன்றம், கறுப்பர்கள் குடிமக்களாக முடியாது என்று தீர்ப்பே சொல்லிவிட்டது. அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1860இல், இந்த நர்சு பாஸ்டனில் இருந்த நியூ இங்கிலாந்துப் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் போய்ச் சேர்கிறார். அப்போது அமெரிக்காவில் மொத்தம் 54,543 டாக்டர்கள், அதில் பெண்கள் சுமார் 300 பேர், கறுப்பினப் பெண் ஒருவர்கூட இல்லை என்று ஒரு கணக்கு இருக்கிறது.

எந்தப் பட்டத்தைக் காட்டிச் சேர்ந்தார்? எதுவுமில்லை. கூட வேலை பார்த்த டாக்டர்கள் கொடுத்த கடிதங்கள்தான். இந்தப் பெண் எங்களோடு இத்தனை வருஷம் நோயாளிகளைப் பார்த்திருக்கிறாள், இவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கடிதங்கள். கட்டில் பக்கத்தில் நின்ற 8 வருஷம் தகுதியாகக் கணக்கில் ஏறியது. நான் இந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன்.

படிப்பு சும்மா நடந்துவிடவில்லை. உள்நாட்டுப் போர் மூண்டது. 1863இல் கணவர் வையட் லீ காசநோயில் செத்துப் போனார். கடைசியில், இவருடைய படிப்பு மெதுவாகப் போகிறது, பட்டம் கொடுக்கலாமா என்று ஆசிரியர்களில் சிலர் தயங்கினார்கள். 'ஸ்லோ லேர்னர்' என்ற முத்திரை நம் பிள்ளைகள் முதுகில் மட்டும் குத்தப்படுவதில்லை. எப்படியோ 1864 மார்ச் 1ஆம் தேதி பட்டம் வாங்கினார். அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். அந்தக் கல்லூரி பிறகு பாஸ்டன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துவிட்டது. அதுவரை அங்கே பட்டம் வாங்கிய கறுப்பினப் பெண் வேறு யாரும் இல்லை.

அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஆர்தர் கிரம்ப்ளரை மறுமணம் செய்துகொண்டார். போர் முடிந்ததும் வெர்ஜீனியாவின் ரிச்மண்டுக்குப் போனார். அடிமை முறைக்காகப் போரிட்ட தெற்கின் தலைநகர் அது. விடுதலையான மக்களுக்கென்று அரசு 1865இல் அமைத்த நிவாரண அலுவலகத்தோடு சேர்ந்து வைத்தியம் பார்த்தார். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பு மக்கள் இருந்த ஊர். வெள்ளை டாக்டர்கள் தொடாத சனங்கள். மருந்துக்கடைக்காரர்கள் இவர் எழுதிய சீட்டுக்கு மருந்து கொடுக்க முரண்டு பிடித்தார்கள். பெயருக்குப் பின்னால் இருந்த எம்.டி. என்ற எழுத்துகளுக்கு 'மியூல் டிரைவர்', அதாவது கோவேறு கழுதை ஓட்டுகிறவள், என்று விளக்கம் சொல்லிச் சிரித்தார்களாம். பட்டம் வாங்கினாலும் அவர்கள் கண்ணுக்கு வண்டிக்காரிதான். நம் ஊரில் "கோட்டா டாக்டர்கிட்ட காட்டாதே" என்று காதோடு சொல்கிறார்களே, அந்தக் குரல்தான்.

1869 வாக்கில் பாஸ்டனுக்குத் திரும்பி, கறுப்பர்கள் நெருங்கி வாழ்ந்த பீக்கன் ஹில் பகுதியில், ஜாய் தெருவில் வைத்தியம் பார்த்தார். பணம் வருகிறதா வரவில்லையா என்று பார்க்காமல் குழந்தைகளைப் பார்த்தார். 1883இல் பெண்கள், குழந்தைகள் உடல்நலம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதைப் பேராசிரியர்களுக்கோ பெரிய டாக்டர்களுக்கோ காணிக்கையாக்கவில்லை. தாய்மார்களுக்கும் நர்சுகளுக்கும்தான். டாக்டராகி 19 வருஷம் ஆன பிறகும் தான் எங்கிருந்து வந்தோம் என்பதை அவர் மறக்கவில்லை.

அந்தக் கல்லூரிக்காரர்கள் மட்டும் எப்படிக் கதவைத் திறந்தார்கள் என்று கேட்கலாம். அதை 1848இல் தொடங்கிய சாமுவேல் கிரிகரி பெண்விடுதலைக்காரர் ஒன்றும் இல்லை. பிரசவத்தின்போது ஆண் டாக்டர் பெண் உடம்பைத் தொடுவது ஒழுக்கக்கேடு என்று நினைத்தவர். பெண்ணின் மானத்தைக் காக்கப் பெண் டாக்டர் வேண்டும், அவ்வளவுதான். அந்த மானத்தின் பெயரால் திறந்த கதவில் ஒரு கறுப்பினப் பெண்ணும் நுழைந்துவிட்டார்.

இதே மானம்தான் சென்னையிலும் கதவைத் திறந்தது. 1866இல் பாரிஸ்டர் கணவரோடு இங்கே வந்த மேரி ஷார்லிப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, ஆண் டாக்டரிடம் காட்டமாட்டோம் என்று வீட்டுக்குள்ளேயே செத்துப்போகிற பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டார். முதலில் எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் மருத்துவச்சி வேலை பழகினார். பிறகு 1875இல் இன்னும் மூன்று பெண்களோடு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1878இல் தேறினார். மருத்துவச்சிப் பயிற்சியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு நம் சென்னையிலேயே வழி இருந்திருக்கிறது. லண்டன் போய் மேலே படித்துவிட்டு வந்து 1885இல் அவர் தொடங்கிய பெண்கள் ஆஸ்பத்திரிதான் திருவல்லிக்கேணியில் இருக்கிறது. பிறகு கஸ்தூரிபா காந்தி பெயர் வைத்தார்கள். சனங்கள் வாயில் இன்றைக்கும் 'கோஷா ஆஸ்பத்திரி'.

அதன் பழைய முழுப்பெயர் என்ன தெரியுமா? 'சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா ஆஸ்பத்திரி'. கோஷாப் பெண்கள் என்றால் பர்தா அணியும் பெண்கள். சாதிப் பெண்கள் என்றால் சாதி உள்ள பெண்கள், அதாவது நாம் இல்லை. பெயர்ப் பலகையிலேயே ஆள் பிரித்துவிட்டார்கள். காலப்போக்கில் 'கோஷா' மட்டும் நாக்கில் நின்றது, 'சாதி' உதிர்ந்துவிட்டது. முஸ்லிம் பெண்களுக்காகக் கட்டியது போலல்லவா இப்போது தோன்றுகிறது! மானம் அவர்களுடையது, ஆஸ்பத்திரி அவர்களுடையது. சேரிப் பெண்ணின் மானத்துக்கு யார் கல்லூரி திறப்பார்கள்?

என் அப்பாயி பிள்ளைப்பேறு பார்த்தவள். ஊர்த்தெருவுக்கும் போவாள். கொல்லைப்புறமாகத்தான் கூப்பிடுவார்கள். தலை திரும்பாத பிள்ளையைத் திருப்பி எடுக்கத் தெரிந்த கை அது. தொப்புள்கொடி அறுத்து முடிந்ததும் அதே கைக்குத் தீட்டு வந்துவிடும். கூலி நெல்லை எட்ட நின்று கொட்டுவார்கள். ரத்தமும் மலமும் தொடுகிற வேலை தீட்டு என்பதால்தான் சாதி இந்துக்கள் வெகுகாலம் தங்கள் பெண்களை நர்சு வேலைக்கு அனுப்பவில்லை. கிறித்தவப் பெண்கள் வந்தார்கள், விதவைகள் வந்தார்கள், நம் பெண்கள் வந்தார்கள்.

அமெரிக்காவில் நர்சுப் பள்ளி வந்தது நல்லதுதான். 1879இல் மேரி எலைசா மஹோனி அங்கே முறையாகப் பயின்று தேறிய முதல் கறுப்பின நர்சானார். அவர் படித்த ஆஸ்பத்திரியிலேயே அதற்கு முன் சுமார் 15 வருஷம் சமையல், சலவை, துப்புரவு வேலை பார்த்தவர். ஆனால் நர்சுக்குத் தனிப் பள்ளி, டாக்டருக்குத் தனிக் கல்லூரி என்று ஆனதும் நடுவில் சுவர் எழும்பியது. நர்சு, கேட்டு நடக்கிறவள். டாக்டர், சொல்கிறவர். 1910இல் ஃப்ளெக்ஸ்னர் என்பவர் மருத்துவக் கல்லூரிகளைச் சோதித்து அறிக்கை கொடுத்தார். தரத்தை உயர்த்துகிறோம் என்றார்கள். கறுப்பர்களுக்கு இருந்த 7 மருத்துவக் கல்லூரிகளில் ஹோவர்டும் மெஹாரியும்தான் மிஞ்சின. தரம் என்ற சொல் எங்கே முழங்கினாலும் யார் வீட்டுக் கதவு சாத்தப்படுகிறது என்று பார்க்கப் பழகிவிட்டோம். 2017இல் 1176 மார்க் எடுத்த அனிதாவுக்கும் அந்தச் சொல்லைத்தான் காட்டினார்கள்.

இங்கே 1946ஆம் வருஷம் கவனிக்க வேண்டியது. அந்த வருஷம்தான் டெல்லியிலும் வேலூரிலும் நர்சிங்குக்கு பி.எஸ்ஸி. பட்டப் படிப்பு தொடங்கியது. அதே வருஷம் போர் கமிட்டி அறிக்கை வந்தது. எல்.எம்.பி. என்ற குறுகிய கால மருத்துவப் படிப்பு வேண்டாம், ஒரே வகை டாக்டர் போதும் என்றது. குறைந்த செலவில் டாக்டராக இருந்த ஒரு வழி அதோடு அடைபட்டது. நர்சுக்குப் பட்டம் வந்தது, மருத்துவக் கல்லூரிக்குப் போகும் கதவு மட்டும் வரவில்லை. பிரிட்டனில் 2000லிருந்து பட்டதாரிகளுக்கென்று 4 வருஷ மருத்துவப் படிப்பு நடக்கிறது. நர்சிங் பட்டம் பெற்றவர்களும் அதில் சேர்கிறார்கள். அங்கே யாரும் தரம் போச்சு என்று ஒப்பாரி வைத்ததாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் அவளிடம் சொன்னபோது முதலில் கோபம்தான் வந்தது அவளுக்கு. "நர்சு வேல மட்டம், அதனால டாக்டராவணும்னு எழுதிடாதீங்கண்ணா. நான் அதுக்குக் கேக்கல. எனக்குத் தெரிஞ்சத நான்தான் செஞ்சேன்னு எழுதணும், அவ்ளோதான்." தம்பி காலேஜ் கட்டணம் அவள் சம்பளத்தில்தான் போகிறது. வேலையை விட்டுவிட்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்து படிக்க வீட்டில் வழியில்லை.

ரெபெக்காவின் படம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. 1895இல் இறந்தார். பெயர் எழுதாத கல்லறையில் 125 வருஷம் கிடந்து, 2020இல்தான் கல் வைத்தார்கள். ஒரு புகைப்படம்கூட மிஞ்சவில்லை. அவர் படம் என்று பல இடங்களில் போடுவது உண்மையில் நர்சு மஹோனியின் படம் என்றேன். போனில் தேடி எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "டாக்டருன்னு பேரு போட்டு நர்சு மூஞ்சிய வச்சிருக்காங்க" என்று சிரித்தாள். படத்தை அழிக்கவில்லை. நைட் டூட்டிக்கு ஆறரை மணி பஸ். பையில் சாப்பாட்டுத் தூக்கோடு, அட்டை கிழிந்த பிளஸ் டூ இயற்பியல் புத்தகமும் போனது.