திமிங்கலமும் கியர் எண்ணெயும்



சென்ற பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கேமரன் மலைக்குச் சென்றபோது, ஏற்றத்தில் என் மகிழுந்தின் கியர் மாறத் தயங்கியது. பட்டறையில் எண்ணெய் அளவுகோலை உருவிக் காட்டினர். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கறுத்து, தீய்ந்த நாற்றம் வீசியது. "இதற்கு ஆயுள் முழுவதும் எண்ணெய் மாற்றத் தேவையில்லை" என்று விற்றவர் கூறியதை நம்பி ஏழாண்டுகள் ஓட்டியிருந்தேன். என் ஒரு மாதச் சம்பளம் அந்தக் கியர் பெட்டியில் கரைந்தது. அந்த வருத்தமே இவ்வெண்ணெயின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தூண்டியது.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939ஆம் ஆண்டில் ஹைட்ராமேட்டிக் என்னும் தானியங்கி கியர் பெட்டியை ஓல்ட்ஸ்மொபில் மகிழுந்துகளில் அறிமுகப்படுத்தியது. இதில் எண்ணெய் வெறும் மசகு மட்டுமன்று. இயந்திரத்தின் ஆற்றலைக் கடத்துவதும், கிளட்ச் தட்டுகளை அழுத்துவதும், வெப்பத்தை வெளியேற்றுவதும் அதுவே. 1949இல் அந்நிறுவனம் 'டைப் ஏ' என்ற தர அளவையும், 1967இல் 'டெக்ஸ்ரான்' என்ற தர அளவையும் வகுத்தது.

அக்கால எண்ணெய்களில் ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெயும் கலந்திருந்தது என்பதை அறிந்து வியந்தேன். அது மெழுகுத் தன்மை கொண்டது. உலோகத்தில் ஒட்டி நிற்கும். வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்கும். கிளட்ச் தட்டுகள் குலுங்காமல் பற்றுவதற்கு அது துணைசெய்தது.

1970இல் அமெரிக்க அரசு அத்திமிங்கலத்தை அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. எண்ணெய் இறக்குமதி நின்றது. மாற்றாக வந்த வேதிப்பொருள்கள் உடனே கைகொடுக்கவில்லை. புதிய டெக்ஸ்ரான்-2 எண்ணெய், ரேடியேட்டருக்குள் இருந்த குளிர்விப்பானின் பற்றவைப்பை அரித்தது. 1970களின் நடுவில் அக்குறை திருத்தப்பட்டது. பாலைவனச் செடியான ஹொஹோபாவின் விதை எண்ணெயும் திமிங்கல எண்ணெயை ஒத்திருந்ததால் ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றது.

பின்னர்ச் செயற்கை எண்ணெய்கள் மேம்பட்டன. 'ஆயுள் முழுவதும் போதும்' என்ற பேச்சும் பரவியது. ஆனால், கியர் பெட்டிகளைச் செய்யும் ஜெர்மனியின் இசட் எஃப் நிறுவனமே, ஓட்டும் முறையைப் பொறுத்து 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டாண்டுகளில் எண்ணெயை மாற்றுமாறு கூறுகிறது. நெரிசலிலும் மலையேற்றத்திலும் ஓடும் வண்டிக்கு அதற்கும் முன்பே தேவைப்படலாம்.

நண்பர்களே, உங்கள் வண்டியின் கையேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எந்த எண்ணெய், எத்தனை கிலோமீட்டர் என்பது அதில் இருக்கும். கியர் எண்ணெய் இயந்திர எண்ணெயைப்போல் எரிந்து குறைவதில்லை; அளவு குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். நிறம் கறுத்தாலோ தீய்ந்த வாடை வந்தாலோ காலம் தாழ்த்தாதீர்கள்.

திமிங்கலம் தந்த எண்ணெயும் ஒருநாள் கெட்டது; ஆய்வுக்கூடம் தரும் எண்ணெயும் கெடும். இதை முன்பே அறிந்திருந்தால் என் சம்பளம் தப்பியிருக்கும். உங்களுடையதாவது தப்பட்டும்.